கூரையைக் காற்று கொண்டுபோனால்...

காற்றுக்கும் மழைக்கும் வக்கீல் நோட்டீஸ் அனுப்ப முடியாது. ஆனால், "காற்றடித்தாலும் மழை பெய்தாலும் உமது வீட்டுக்கு நாங்கள் ஜவாப்தாரி" என்று எழுதிக் கொடுத்து, அதற்காகப் பணமும் வாங்கிக்கொண்ட இன்ஷியூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பலாம். இந்த வித்தியாசத்தை நமது ஜனங்களில் பலர் உணர்வதில்லை. கூரை போனதற்குத் தெய்வத்தை நொந்துகொள்வது போலவே, கம்பெனி 'இல்லை' என்று எழுதிவிட்டதற்கும் தலைவிதியை நொந்துகொண்டு சும்மா இருந்துவிடுகிறார்கள். முன்னது தெய்வ சித்தம். பின்னது ஓர் உத்தியோகஸ்தரின் கையெழுத்து. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாகாது.

புயல் என்றால் கடற்கரைக்காரர்களின் கஷ்டம் என்று திருப்பூர்ப் பக்கத்தில் ஓர் எண்ணம் உண்டு. 2018 நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் வேதாரண்யத்துக்கருகே கரை கடந்து தஞ்சைச் சீமையின் தென்னந்தோப்புகளை முறித்தெறிந்த செய்தியை, கொங்கு நாட்டார் அனுதாபத்துடன் படித்தார்கள். தங்களுக்கும் அதில் பாடம் உண்டென்று நினைத்தவர்கள் சிலரே. மழை மறைவுப் பிரதேசம் என்றால் காற்று மறைவுப் பிரதேசம் என்று அர்த்தமல்ல. சித்திரை, வைகாசி மாதங்களில் ஒரு மாலை வேளையில் மேற்கே கறுத்து, அரை மணி நேரம் சுழன்றடிக்கும் கோடைக் காற்றே போதும். வாழைத் தோட்டங்கள் சாய்கின்றன. சிமிட்டி அட்டைக் கூரைகள் பறக்கின்றன. அடுத்த வீட்டு வேப்பமரம் நமது வீட்டு ஓட்டின் மேல் வந்து படுத்துக்கொள்கிறது. மழையும் அப்படித்தான். வருஷம் முழுவதும் வஞ்சகம் செய்துவிட்டு, பெய்கிற அன்று மொத்தமாகக் கொட்டிவிடும். 2011 நவம்பரில் பெய்த பெருமழையில் நொய்யலில் வந்து சேரும் ஓடைகள் கரைமீறித் திருப்பூர் நகரத்து வீடுகளுக்குள் புகுந்து, உடைமையுடன் உயிர்களையும் வாரிக்கொண்டு போனதை அவ்வூரார் மறந்திருக்கமாட்டார்கள்.

அந்த வீடுகள் எப்படிப்பட்டவை? கணவன் பனியன் கம்பெனியில் கட்டிங், மனைவி பவர் டேபிள் அல்லது செக்கிங் என்று இருவரும் உழைத்து, பாங்கிக் கடன் வாங்கி, பதினைந்து இருபது வருஷத் தவணையில் கட்டிய சின்னஞ்சிறு வீடுகள் அவற்றில் அநேகம். அப்படிப்பட்ட வீட்டின் கூரை போனால் குடும்பத்தின் முதுகெலும்பே போன மாதிரி. ஆகையால் இன்ஷியூரன்ஸ் தகராறு என்பது பணக்காரர் விவகாரம் என்று யாரும் எண்ண வேண்டாம்.

பாலிஸி எங்கே இருக்கிறது?

"எங்களிடம் இன்ஷியூரன்ஸ் ஒன்றும் இல்லீங்களே!" என்று சொல்லும் குடும்பங்களில் பலவற்றுக்கு உண்மையில் இன்ஷியூரன்ஸ் இருக்கிறது. வீட்டுக் கடன் கொடுக்கும்போது பாங்கியார் தங்கள் பணத்தின் பத்திரத்துக்காக வீட்டுக்கு ஒரு பாலிஸி எடுக்கச் செய்வது வழக்கம். பிரீமியம் கடன் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. பாலிஸிக் காகிதமோ பாங்கிப் பெட்டியிலேயே உறங்குகிறது. ஆகவே கடன்காரர்கள் முதலில் செய்யவேண்டியது, பாங்கிக்குச் சென்று பாலிஸியின் நகல் ஒன்றை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வது. இதைப் புயலுக்கு முன்னால் செய்வது உத்தமம்.

நகல் கிடைத்ததும் படித்துப் பார்க்க வேண்டும். பழைய மாதிரித் தீ இன்ஷியூரன்ஸ் பாலிஸிகளில் புயல், வெள்ளம் ஆகியவற்றுக்கான பாதுகாப்பை விலக்கிவிட்டு, அதற்காகப் பிரீமியத்தில் கொஞ்சம் தள்ளுபடி பெற இடமிருந்தது. சில நூறு ரூபாயை மிச்சம் பிடித்துவிட்டு, வெள்ளம் வந்த பிறகு தலையில் கை வைத்துக்கொண்டவர்கள் உண்டு. 2021 ஏப்ரல் 1-ந் தேதி முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பெயரில், எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான வீட்டுப் பாலிஸி ஒன்று ஏற்பட்டது. அதில் தீ, இடி, புயல், சூறாவளி, வெள்ளம், மரம் முதலியன மேலே விழுவதால் உண்டாகும் சேதம் எல்லாம் அடங்கும். கட்டடத்துக்கு எவ்வளவு தொகையோ அதில் 20 சதவிகிதம், 10 லட்ச ரூபாய்க்கு மேற்படாமல், வீட்டுச் சாமான்களுக்கும் தானாகவே உண்டு.

திருப்பூர்வாசிகள் கவனிக்கவேண்டிய விசேஷம் ஒன்றிருக்கிறது. இவ்வூரில் வீடு வேறு, தொழிற்சாலை வேறு என்று பிரிக்க முடியாத குடும்பங்கள் ஏராளம். முன் அறையில் இரண்டு பவர் டேபிள், ஓர் ஓவர்லாக் மிஷின்; கட்டிலுக்கடியில் ஜாப் ஒர்க்குக்கு வந்த துணிக் கட்டுகள். வீட்டுப் பாலிஸி குடியிருக்கும் வீட்டுக்கு ஏற்பட்டது. மிஷினும் துணியும் தொழிலைச் சேர்ந்தவை. இவற்றுக்கென்று சிறு தொழில்களுக்காக 'பாரத் ஸூக்ஷ்ம உத்யம் ஸுரக்ஷா' என்ற தனிப் பாலிஸி இருக்கிறது. வீட்டில் தொழில் நடப்பதை மறைத்து வீட்டுப் பாலிஸி மட்டும் எடுத்தவர், தகராறு வரும்போது கம்பெனியின் கையில் தாமே ஆயுதத்தைக் கொடுத்தவராகிறார்.

தகராறு எங்கே பிறக்கிறது?

பெரும்பாலும் மூன்று இடங்களில் பிறக்கிறது. முதலாவது, காற்றா, கிழமா என்ற கேள்வி. "கூரையைத் தள்ளியது புயல் அல்ல, அது தானாகவே விழ இருந்தது" என்பது கம்பெனிகள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். சேதத்தை மதிப்பிட ஸர்வேயர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"ஏனுங்க, இந்தச் சுவரிலே விரிசல் முன்னமே இருந்ததுங்களா?"

"இருந்துதுங்க. போன தீபாவளிக்கு வெள்ளையடிச்சப்பவே இருந்துதுங்க."

வீட்டுக்காரர் சொன்னது ஸத்தியம். ஆனால் அறிக்கையில் 'சுவர் ஏற்கெனவே பழுதுபட்டது' என்று ஒரே வரி ஏறிவிடுகிறது. விரிசல் விரல் நீளந்தான், கூரை அந்த இரவு வரையில் அசையாமலிருந்தது, அதே காற்றில் அதே தெருவில் இன்னும் ஐந்து கூரைகள் போயின என்பவையும் ஸத்தியந்தான். அவற்றை யாரும் சொல்லவில்லை. உண்மையை மறைக்க வேண்டாம்; ஆனால் பாதி உண்மையோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டாம்.

இரண்டாவது, தொகை. 20 லட்ச ரூபாய் பெறுமான வீட்டை 10 லட்சத்துக்கு இன்ஷ்யூர் செய்திருந்தால், 2 லட்ச ரூபாய் சேதத்துக்கு 1 லட்சந்தான் கொடுப்போம் என்பது பழைய பாலிஸிகளின் கணக்கு. பாதி வீட்டுக்குத்தான் பணம் கட்டினீர், ஆகவே ஒவ்வொரு செங்கல்லிலும் பாதிக்குத்தான் நாங்கள் பொறுப்பு என்பது அதன் தத்துவம். பாரத் கிருஹ ரக்ஷாவில் இந்த வெட்டு நீக்கப்பட்டிருக்கிறது. தங்களுடையது எந்தப் பாலிஸி என்று தெரியாதவர்கள், வெட்டக்கூடாத இடத்தில் வெட்டினாலும் பேசாமல் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

மூன்றாவது, தாமதம். "சேதத்தை உடனே தெரிவிக்கவில்லை, இன்ன காகிதம் கொடுக்கவில்லை" என்று காரணம் காட்டுவது. மழை ஓய்ந்ததும் முதல் வேலையாகக் கம்பெனிக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிட்டால் இந்தக் காரணத்துக்கு இடமே இராது.

ஸர்வேயர் சொன்னால் தீர்ந்ததா?

கம்பெனியின் கடிதத்தில் 'ஸர்வேயர் அறிக்கையின்படி' என்ற வார்த்தைகளைக் கண்டதும் அநேகர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். தளர வேண்டியதில்லை. ஸர்வேயரின் அறிக்கை முக்கியமானதுதான், ஆனால் அதுவே கடைசி வார்த்தையல்ல, தக்க சாட்சியத்தால் அதை மறுக்கலாம் என்று நியூ இந்தியா கம்பெனி சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2009-ல் சொல்லியிருக்கிறது. 'முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்' என்று ரசீதில் கையெழுத்திட்டுவிட்டோமே என்று வருந்துகிறவர்களுக்கும் ஆறுதல் உண்டு. 1999-ல் ஒரு பஞ்சாலை வழக்கில், அந்தக் கையெழுத்து மோசடியினாலோ நிர்ப்பந்தத்தினாலோ வாங்கப்பட்டது என்று காட்ட முடிந்தால், மீதித் தொகைக்கு வழக்காடுவதற்கு அது தடையாகாது என்று அதே கோர்ட் தீர்ப்புச் செய்தது. மறுப்புக் கடிதத்தில் சொல்லாத புதுக் காரணத்தைக் கம்பெனி பிற்பாடு கோர்ட்டில் கண்டுபிடித்துச் சொல்லக்கூடாது என்பது 2016-ஆம் வருஷத்துத் தீர்ப்பு ஒன்று. ஆதலால் மறுப்புக் கடிதத்தைக் கோபத்தில் கிழித்துவிடாதீர்கள். அதுவே உங்கள் முதல் சாட்சி.

மழைச் சேத வழக்குகளில் நாம் முக்கியமாகக் கருதுவது ஒன்று. 1992 ஆகஸ்டில் கல்கத்தாவில் இடைவிடாது பெய்த மழையில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலைக்குள் நீர் புகுந்து பெருஞ்சேதம் விளைந்தது. இன்ஷியூர் செய்திருந்ததோ, சுதேசி இயக்கம் கொழுந்துவிட்டெரிந்த 1906-ஆம் வருஷத்தில் அதே நகரில் தோன்றிய நேஷனல் கம்பெனியில். சேதத்தை மதிப்பிடுவதிலேயே நீண்ட காலம் கடந்தது. பிறகு கம்பெனி என்ன சொல்லிற்று? 'சேதம் நடந்து 12 மாதத்துக்குள் நீங்கள் வழக்குத் தொடரவில்லை. பாலிஸியில் அப்படி ஒரு நிபந்தனை இருக்கிறது' என்றது! தாமதம் செய்தது யார், தண்டனை யாருக்கு என்று பாருங்கள். தேசிய நுகர்வோர் ஆணையம் இதை ஒப்பவில்லை. சுப்ரீம் கோர்ட்டும், 2017 ஏப்ரலில், கம்பெனி பக்கத்துத் தாமதத்தைக் காட்டி நியாயமான கோரிக்கையை நசுக்கிவிட முடியாது என்று தொழிற்சாலையின் பக்கமே தீர்ப்பளித்தது.

மழை பெய்தது 1992-ல். கடைசித் தீர்ப்பு 2017-ல். இருபத்தைந்து வருஷம்! தொழிற்சாலை காத்திருக்கலாம், கூரையில்லாத குடும்பம் காத்திருக்க முடியுமா? முடியாது. நல்ல வேளையாக, வீட்டுக்காரர்களுக்கு இதைவிடக் கிட்டின வழிகள் இருக்கின்றன.

வரிசையாகத் தட்டவேண்டிய கதவுகள்

முதற் கதவு கம்பெனியின் கதவேதான். அதன் குறைதீர்ப்பு அதிகாரிக்கு ரிஜிஸ்தர் தபாலில் எழுத வேண்டும். ஸர்வேயர் அறிக்கையின் நகலையும் எழுதிக் கேட்க வேண்டும். இன்ஷியூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2024-ல் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, சேதத்தைத் தெரிவித்த 24 மணி நேரத்துக்குள் ஸர்வேயர் நியமிக்கப்பட வேண்டும். 15 நாளைக்குள் அவர் அறிக்கை தர வேண்டும். அறிக்கை கிடைத்த 7 நாளைக்குள் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். இந்தக் கெடுக்களைக் கடிதத்தில் எடுத்துக் காட்டினால், கேட்பவர் விஷயம் தெரிந்தவர் என்பது கம்பெனிக்கு விளங்கும். ஆணையத்தின் 'பீமா பரோஸா' என்ற முறையீட்டு ஏற்பாட்டிலும், 155255 என்ற இலவச டெலிபோன் எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யலாம்.

ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியில்லாவிட்டாலும், இரண்டாவது கதவு இன்ஷியூரன்ஸ் ஆம்புட்ஸ்மன். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் கிடையாது. கம்பெனியின் மறுப்பு வந்த ஒரு வருஷத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். 50 லட்ச ரூபாய் வரையில் அவர் தீர்ப்பளிக்கலாம். அத்தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். 30 நாளைக்குள் நிறைவேற்ற வேண்டும். வீட்டுக்காரருக்குத் திருப்தியில்லையென்றால் அவர் வேறு வழியில் போகலாம். ஒருபுறமே கட்டும் இம்மாதிரிக் கயிறு சட்டத்தில் அபூர்வம்.

மூன்றாவது கதவு மாவட்ட நுகர்வோர் ஆணையம். முன்பெல்லாம் வழக்கை எங்கே தொடுப்பது என்பதே ஒரு வழக்காக இருந்தது. 2020 ஜூலை 20-ந் தேதி அமலுக்கு வந்த புதிய சட்டப்படி, புகார்தாரர் குடியிருக்கும் ஜில்லாவிலேயே தொடரலாம். கம்பெனியின் தலைமை ஆபீஸைத் தேடிக் கல்கத்தாவுக்கோ பம்பாய்க்கோ போகவேண்டியதில்லை. திருப்பூர்க்காரருக்குத் திருப்பூரே போதும். மேலும், எந்த ஆணையம் என்பது கேட்கும் நஷ்ட ஈட்டைப் பொறுத்ததல்ல, கட்டிய பிரீமியத்தைப் பொறுத்தது. அது 50 லட்சத்துக்கு மேற்படாதவரை மாவட்ட ஆணையந்தான். 5 லட்சத்துக்கு மேற்படாதவரை கட்டணமும் இல்லை. வீட்டுப் பாலிஸிக்கு அவ்வளவு பிரீமியம் கட்டுகிறவர் நமது நேயர்களில் இருக்கமாட்டார் என்று நம்புகிறோம். வக்கீல் வைத்தே தீரவேண்டுமென்பதில்லை. ஆனால் இரண்டு வருஷக் கெடு உண்டு. அதை மட்டும் மறக்கலாகாது. இங்கேயும் தீர்ப்பு வரத் தாமதமாவதுண்டு. ஆகையால் ஆம்புட்ஸ்மனிடம் முடியக்கூடியதை அங்கேயே முடித்துக்கொள்வதுதான் விவேகம். ஆணையத்தில் வழக்கு நடக்கும்போது ஆம்புட்ஸ்மன் அதைத் தொடமாட்டார் என்பதையும் கவனிக்க.

வக்கீலுக்குப் பணம்?

"இதெல்லாம் சரி, மனு எழுத யாரிடம் போவது?" என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்குச் சட்டமே பதில் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்தப் பதில் ஜனங்களின் காதில் விழவில்லை. 1987-ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவு, இலவசமாக வக்கீல் உதவி பெறத் தகுதியுள்ளவர்கள் யார் என்று வரிசைப்படுத்துகிறது. அதில் பெண்கள் இருக்கிறார்கள். வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே கிடையாது. தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் இருக்கிறார்கள். தொழிற்சாலைத் தொழிலாளர் இருக்கிறார்கள். வெள்ளம் போன்ற பெருவிபத்தில் அகப்பட்டு அவதிப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். மற்றவர்களுக்குத்தான் வருமான வரம்பு. தமிழ்நாட்டில் அது வருஷத்துக்கு 3 லட்ச ரூபாய்.

மேற்படி வரிசையை வைத்துக்கொண்டு திருப்பூரின் தெருக்களில் நடந்து பாருங்கள். பனியன் கம்பெனித் தொழிலாளி உண்டு. அவர் மனைவி உண்டு. வெள்ளத்தில் அடிபட்டவர் உண்டு. ஊரில் பாதிப்பேர் இந்தச் சட்டத்துக்காகவே பிறந்தவர்கள் போலத் தோன்றும்! திருப்பூர் ஜில்லாக் கோர்ட்டைச் சார்ந்த சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுத்தால் போதும். 15100 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தாலும் வழி சொல்வார்கள். இன்ஷியூரன்ஸ் தகராறுகளை ஸமாதானமாகத் தீர்த்துவைக்க நிரந்தர லோக் அதாலத் என்ற ஏற்பாடும் அதே சட்டத்தில் உண்டு. வழி கேட்கும்போது அதையும் விசாரித்துக்கொள்ளலாம்.

வேறொரு வகை ஆசாமிகளைப் பற்றி எச்சரிக்க வேண்டும். "ஒரு பைசா முன்னால் வேண்டாம், வருகிற பணத்தில் மூன்றில் ஒரு பங்கு கொடுத்தால் போதும்" என்று புயலுக்கு மறுநாளே வந்து நிற்பார்கள். அமெரிக்காவில் வக்கீல்கள் இம்மாதிரி பங்கு பேசலாம். நமது நாட்டிலோ, வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசக் கூடாதென்று பார் கவுன்ஸில் விதி தடுக்கிறது. ஆகவே பங்கு கேட்பவர் வக்கீலாயிருந்தால் விதியை மீறுகிறார். வக்கீலல்லாதவராயிருந்தால் கேட்பதற்கே அருகதை இல்லை. வெற்றுக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அசல் பாலிஸியைக் கொடுத்து அனுப்பாதீர்கள்.

மழை ஓய்ந்த மறுநாள்

வழக்கு ஆணையத்தில் ஜயிப்பதில்லை. மழை ஓய்ந்த மறுநாளில்தான் ஜயிக்கிறது. குப்பையை அள்ளுமுன் படம் எடுக்க வேண்டும். தெருவிலிருந்தும் உள்ளேயிருந்தும் எடுக்க வேண்டும். அக்கம்பக்கத்து வீடுகளின் சேதத்தையும் எடுத்துக்கொண்டால், 'காற்றா, கிழமா' என்ற கேள்விக்கு அதுவே விடை. மேலும் சேதம் வராமல் தார்ப்பாய் போட்டுக்கொள்ளத் தடையில்லை. ஆனால் உடைந்த அட்டையையும் ஓட்டையும் ஸர்வேயர் பார்க்குமுன் வீசிவிடலாகாது. கிராம நிர்வாக அதிகாரியின் சான்று, தீயணைப்புப் படையினர் வந்திருந்தால் அவர்கள் அறிக்கை, அன்றைய மழையளவு, மறுநாள் பத்திரிகைச் செய்தி ஆகியவற்றை ஒரு கட்டாகச் சேர்த்து வைக்க வேண்டும். கொத்தனாரிடமோ இஞ்சினீயரிடமோ ரிப்பேர்ச் செலவுக்கு எஸ்டிமேட் வாங்க வேண்டும். கம்பெனிக்கு எழுதும் ஒவ்வொரு கடிதத்துக்கும் நகல் வேண்டும். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பெண்ணோ பையனோ இருந்தால் இந்த வேலையை அவர்களிடம் ஒப்புவிக்கலாம். பரீட்சைக்குப் படிப்பதைவிட ஒழுங்காகச் செய்வார்கள்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வாசலில் விழுந்த மரத்தின் புண்ணியத்தில், போன வருஷமே கெட்டுப்போன டெலிவிஷனையும் சேதக் கணக்கில் சேர்த்துவிடும் சாமர்த்தியசாலிகள் இருக்கிறார்கள். ஒரு பொய் பத்து உண்மைகளைக் கெடுத்துவிடும். மோசடி வெளிப்பட்டால் கோரிக்கை முழுவதுமே தள்ளுபடியாகும். இன்ஷியூரன்ஸ் என்பது ஆயிரம் குடும்பங்கள் சேர்ந்து வைத்த உண்டியல். அதில் பொய்க் கணக்கெழுதி எடுப்பதும் பாவம். நியாயமாகக் கேட்டவனுக்கு இல்லையென்பதும் பாவம். 1907-ல் ஹிந்துஸ்தான் கோவாபரேடிவ் இன்ஷியூரன்ஸ் கம்பெனி மகாகவி தாகூரின் இல்லத்து அறை ஒன்றில் தொடங்கப்பட்டது. நம்மவர் பணம் நம்மவர் கஷ்டத்துக்கு உதவ வேண்டும் என்பதே அக்காலத்துச் சுதேசிக் கம்பெனிகளின் நோக்கம். 1973 ஜனவரி 1-ந் தேதி 107 கம்பெனிகளை ஒன்றுசேர்த்து நான்கு ஸர்க்கார் கம்பெனிகளாக்கியதும், அவற்றில் ஒன்றான யுனைடெட் இந்தியாவுக்குச் சென்னையைத் தலைமையிடமாக்கியதும் அதே கருத்துடன்தான். இன்று தனியார் கம்பெனிகளும் இருக்கின்றன; கருத்து மாறிவிடவில்லை.

கதருக்குப் பெயர்போன ஊர் திருப்பூர். 1932 ஜனவரியில், அடி விழுந்தபோதும் கொடியைக் கைவிடாத குமரன் உயிர் நீத்த ஊர். அப்பேர்ப்பட்ட ஊரில், தாம் பணம் கட்டி வாங்கிய உரிமையை ஒரு மறுப்புக் கடிதத்துக்கு அஞ்சிக் கைவிடுவது அழகல்ல. நஷ்ட ஈடு யாரும் போடும் பிச்சையன்று. முன்கூட்டியே விலை கொடுத்து வாங்கிய சரக்கு. சரக்கு வராவிட்டால் பனியன் வியாபாரி சும்மா இருப்பாரா? வீட்டுக்காரரும் இருக்க வேண்டாம். பாலிஸி நகலை இன்றே தேடி எடுங்கள். கம்பெனி ஒரு கடிதம் எழுதினால், தேதி போட்டு, நகல் வைத்துக்கொண்டு, நீங்களும் ஒரு கடிதம் எழுதுங்கள்.